பணம் வருமுன் கட்டிய பாலம்

1

போன பங்குனியில் ஒரு நாள் காலை, ஒரு பாலத்தை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். நான் இந்த அலுவலகத்தில் சேர்ந்து அன்றைக்குத்தான் பன்னிரண்டு வருடம் முடிந்திருந்தது. எங்கள் பிரிவின் தலைவர் ஒரு சாக்லேட் பெட்டியை மேசையில் வைத்து, கைகுலுக்கி, "இன்னும் பன்னிரண்டு வருடம் இருங்கள்" என்றார். பெட்டிக்குப் பக்கத்திலேயே பாலத்தின் ஃபைலையும் வைத்துவிட்டுப் போனார்.

நான் கீழப்பாவூர்க்காரி. திருநெல்வேலியில் சிவில் படித்தேன். கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. நாங்கள் இருப்பது நடுத்தரமான ஓர் ஊர். ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓர் ஆறு போகிறது. இந்த நகராட்சியின் கட்டுமான அலுவலகத்தில் பாலங்களைப் பரிசோதிப்பது என் வேலை. ஊருக்கு வரும்போது யாராவது "நீ அங்கன என்ன வேலை பாக்கே?" என்று கேட்டால், "பாலத்தத் தட்டிப் பாக்கேன்" என்பேன். சிரிப்பார்கள். பாதி வேலை உண்மையில் அதுதான். சிறு சுத்தியலை எடுத்துக்கொண்டு கான்கிரீட்டைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து மேல்பூச்சு விட்டுப்போயிருந்தால் பொத்தென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் சாக்கட்டியால் வட்டம் போடுவோம்.

இந்தப் பாலத்தின் அடிப்பக்கம் முழுவதும் சாக்கட்டி வட்டங்களாக இருந்தது. கட்டி அறுபது வருடம் இருக்கும். குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் வருடக்கணக்காக இறங்கி உள்ளே இருக்கும் கம்பிகளைத் தின்றிருந்தது. லாரிகளை உடனே நிறுத்த வேண்டும், கார்களை மூன்று மாதத்துக்குள் நிறுத்த வேண்டும், புதிதாகக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று எழுதினேன். நான் தினமும் சைக்கிளில் கடக்கும் பாலம் அது. என் மகள் இனியாவின் பள்ளிக்கூட பஸ்ஸும் அதில்தான் போகிறது.

எழுதிக் கொடுத்த அன்று மாலையே தலைவர் கூப்பிட்டார். "உங்கள் அறிக்கை சரி. ஆனால் புதுப்பாலத்துக்குப் பணம் இல்லை. கடன் வாங்கவும் முடியாது. சட்டம் விடாது."

2

இந்தச் சட்டத்தைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசாங்கம் தன் வரவுக்குள்தான் செலவு செய்ய வேண்டும், கடனில் ஓடக்கூடாது என்பதை இந்த நாட்டில் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சின்னச் சின்ன விதிவிலக்குகள் உண்டு. அண்மையில் சில தளர்வுகளும் வந்தன. நகராட்சிகளுக்கு அதற்கென்று தனி விதிகள். ஒரு நகராட்சியின் வரவும் செலவும் சில வருடங்கள் தொடர்ந்து ஒத்துப்போகவில்லை என்றால், மேலே இருக்கும் கண்காணிப்பு அலுவலகம் வந்து பேனாவைப் பிடித்துக்கொள்ளும். அதன் அனுமதி இல்லாமல் புதுக்கடன் கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. பட்ஜெட்டுக்கு இந்த மொழியில் 'ஹவுஸ்ஹால்ட்' என்பார்கள். வீடு, குடித்தனம் என்பதற்கும் அதே சொல்தான். ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் 'இன்று முதல் ஹவுஸ்ஹால்ட் முடக்கம்' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. நகராட்சி செலவுகளை நிறுத்தி வைக்கிறது என்பது அதன் பொருள். நானோ, வீட்டு வேலை மாதிரியான எதையும் அலுவலகத்தில் செய்யக்கூடாது, அதாவது சமையலறையை மூடிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள் அல்லவா, மூன்று நாள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே பெஞ்சில், கையுறையோடு உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்டேன். நான்காம் நாள் ஒரு சகஊழியர் வந்து, "உங்கள் மதத்தில் இது ஏதாவது விரதமா?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியானது. இப்போதும் என் பிறந்தநாளுக்கு யாராவது ஒருவர் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த நாட்களில் இந்தச் சட்டத்தின்மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்தது. அதற்குக் காரணம் என் அண்ணன் கணேசன்.

அண்ணன் தென்காசியில் சின்ன காண்ட்ராக்டராக இருந்தான். கால்வாய்க் கரைச்சுவர், தெருவுக்கு சிமெண்ட் ரோடு, ஓடைக்குச் சிறுபாலம், இவ்வளவுதான் அவனுடைய வேலை. இரண்டு டிப்பர் லாரி வைத்திருந்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் தென்காசிக்கு மேற்கே ஓர் ஓடையில் சிறுபாலம் கட்டினான். கட்டி முடித்தான். பணம் வரவில்லை. லாரிகள் போயின. இன்று குற்றாலத்தில் ஐந்தருவி சாலையில் ஒரு லாட்ஜைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். கையில் பணம் இல்லாமல் அரசாங்கம் வேலை கொடுக்கக்கூடாது என்று ஒரு சட்டம் அங்கே இருந்திருந்தால் அண்ணன் அண்ணனாக இருந்திருப்பான் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

இப்போது அதே மாதிரி ஒரு சட்டம் என் பாலத்துக்குக் குறுக்கே நின்றது.

3

வைகாசியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பொதுமக்கள் கூட்டம் வைத்தார்கள். பாலத்தின் நிலைமையை நான் விளக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் பாலம் பாலமாகத் தட்டியவளுக்கு, இந்த மொழியில் பாலம் பெண்பால் என்பது மேடையில் ஏறியதும் மறந்துபோனது. 'அவன் துருப்பிடித்துவிட்டான், அவன் தாங்க மாட்டான்' என்று பாதி உரை வரை பேசிவிட்டேன். முன்வரிசையில் ஒரு கிழவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் தலையை அசைத்து வாய்க்குள்ளேயே திருத்திக்கொண்டிருந்தார்.

எனக்குப் பிறகு நகராட்சியின் நிதி அதிகாரி எழுந்தார். "வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டும் என்பது சட்டம். மூன்று வருடமாக ஒத்துப்போகவில்லை. புதுக்கடனுக்கு மேலே அனுமதி கேட்டால் சிரிப்பார்கள்" என்றார்.

அக்கரையில் பேக்கரி நடத்தும் ஒரு பெண்மணி மைக்கை வாங்கினார். "அறுபது வருடப் பாலத்தைச் சரியாகப் பராமரிக்காமல் விட்டீர்கள். அது உடைகிறது. புத்தகத்தில் எழுதாவிட்டாலும் அதுவும் கடன்தானே? என்ன, அதற்கு உங்களிடம் கணக்கு இல்லை."

கைதட்டல் எழுந்தது. நானும் மனதுக்குள் தட்டினேன்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. இனியா. அவள் வந்திருப்பதே எனக்குத் தெரியாது.

"எனக்குப் பதினாறு வயது" என்று ஆரம்பித்தாள். பிசிறில்லாத ஜெர்மன். "இந்தப் பாலத்துக்காக நீங்கள் முப்பது வருடக் கடன் வாங்கினால், அது முடியும்போது எனக்கு நாற்பத்தாறு வயது இருக்கும். இத்தனை வருடம் பாலத்தைப் பயன்படுத்தியவர்கள் அதற்காக எதையும் எடுத்து வைக்கவில்லை. இப்போது பில்லை எங்களிடம் நீட்டுகிறீர்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. இந்தச் சட்டம் எங்களைப் பாதுகாக்கத்தான் இருக்கிறது. வரும் பணத்திலிருந்து ஒதுக்கிக் கட்டுங்கள். அதுவரை நான் சுற்றிப் போய்க்கொள்கிறேன்."

இதற்கும் கைதட்டினார்கள். முன்வரிசைக் கிழவர் இவள் பேச்சில் திருத்த ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் பார்த்தார். மேடையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமையாகவும் இருந்தது, முகத்தில் அடித்த மாதிரியும் இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "அம்மாகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க வராதேன்னு சொல்வீங்க" என்றாள். "ஸ்கூல்லயும் இதான் டாபிக். லீவு முடிஞ்சதும் விவாதம். அரசாங்கம் வரவுக்குள்ளதான் செலவு பண்ணணும்னு சட்டம் வேணுமா, வேண்டாமா. நான் வேணும்னு பேசறேன்."

அவளுடைய தமிழ் என் தமிழ் இல்லை. டிவியில் இருந்தும் யூடியூபில் இருந்தும் எடுத்த, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத தமிழ். வீட்டில் நான் 'வெள்ளனே எந்திரி' என்றால், 'சீக்கிரம்னு சொல்லுங்க' என்பாள். அந்தத் தமிழையாவது மறந்துவிடாமல் வைத்திருக்கிறாளே என்று இருந்துவிடுவேன்.

4

ஆடியில் ஊருக்கு வந்தோம். என் கணவர் சங்கருக்கு லீவு கிடைக்கவில்லை; நானும் இனியாவும் மட்டும். குற்றாலத்தில் சீசன் நன்றாக இருந்தது. நன்றாக என்றால் அளவுக்கு மீறி. நாங்கள் போன அன்று மெயினருவியில் தண்ணீர் கூடி, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அண்ணனுடைய லாட்ஜில் எல்லா அறையிலும் ஆள் இருந்தது. ஒருவருக்கும் போக இடமில்லை. வராந்தாவில் துண்டும் சோப்புமாக நின்று சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனுக்கு அன்று வேலை குறைவு. வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, இனியாவுக்கு நேந்திரங்காய்ச் சிப்ஸைப் பிரித்துக் கொடுத்தான். அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க பில் இன்னும் திறந்தே இருக்கா?"

ஜெர்மனில் பணம் வராத பில்லைத் திறந்திருக்கும் பில் என்பார்கள். அதை அப்படியே தமிழில் போட்டுவிட்டாள். நான் திருத்தப் போனேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"திறந்துதான் தாயி கெடக்கு. உள்ளதான் ஒரு பயலும் வரல" என்று சிரித்தான். "பாதி வந்துட்டு. மிச்சத்துக்கு எட்டு வருஷமா நடக்கேன்."

"எப்படி ஆச்சு? முதல்ல இருந்து சொல்லுங்க."

"முதல்ல இருந்து என்னத்தச் சொல்ல? ஒர்க் ஆர்டர் வந்துது. மழைக்கு முன்ன முடிக்கணும்னாவ. ஃபண்டு பின்னாலயே வருதுன்னாவ. லாரிமேல கடன் வாங்கிக் கட்டிட்டேன். இஞ்சினியர் வந்து அளந்து புஸ்தகத்துல ஏத்தினாரு, கையெழுத்தும் போட்டாரு. நல்ல மனுசன். பொறவு போனா, ஃபண்டு இல்லன்னாவ. அடுத்த வருஷம் போனா, அந்த இஞ்சினியர் மாறிப் போயிட்டாரு. புதுசா வந்தவரு என்னய ஏறிட்டுப் பாத்துட்டு, நீரு யாருன்னு கேக்காரு."

இனியா வேகமாக எழுதினாள். "அப்ப பணம் கையில இல்லாம அரசாங்கம் வேலை கொடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருந்திருந்தா?"

"பின்ன? எம் லாரி எங்கிட்ட இருந்திருக்கும்லா."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயித்துவிட்ட பார்வை.

நான் குறுக்கே பேசினேன். நம் ஊரிலும் நிதிப் பொறுப்பு என்று சட்டம் இருக்கிறது, பற்றாக்குறை இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள் என்றேன்.

"இருக்கட்டும்டி. நான் இல்லன்னா சொல்லுதேன்?" அண்ணன் சிப்ஸ் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "ஆனா ஒண்ணு நெனச்சுப் பாரு. கடன் இவ்வளவுக்கு மேல போவக்கூடாதுன்னு மேல இருந்து சொல்லிட்டான். கீழ இருக்கவன் என்ன செய்வான்? பேங்க்ல வாங்குனாத்தான் கடன்னு எழுதணும். எனக்குத் தரவேண்டியத மேசைக்குள்ள வச்சுப் பூட்டிட்டா, அது கடனே இல்லல்லா? தாளுல எல்லாம் சரியா இருக்கும். எம் பில்லு அந்த மேசைக்குள்ளதான் கெடக்குன்னு நான் நெனைக்கேன். நெசமா அப்படித்தானான்னு எனக்கும் தெரியாது. யாரு சொல்லப் போறாவ?"

இனியாவின் பேனா நின்றது. "அப்படின்னா, சட்டத்தால அரசாங்கம் உங்ககிட்டயே கடன் வாங்கிருச்சு."

"கேட்டு வாங்கலயே தாயி."

ஓர் அறைக்காரர் வந்து வெந்நீர் வரவில்லை என்றார். அண்ணன் எழுந்து போனான். இனியா எழுதியதைப் படித்துப் பார்த்து, பாதியை அடித்தாள். பிறகு அடித்ததின்மேல் மறுபடியும் எழுதினாள்.

5

மறுநாள் காலை அவள்தான் அந்தப் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அண்ணனுக்கு அவ்வளவு இஷ்டமில்லை. "அதுல என்ன இருக்கு? ஒரு ஸ்லாபு, ரெண்டு சுவரு" என்றான். ஆனாலும் லாட்ஜில் இருந்த பழைய காரை எடுத்தான்.

சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. ஓடையில் செந்தண்ணீர் சுவர்வரை ஏறி ஓடிக்கொண்டிருந்தது. மேலே பாலத்தில் ஈரம் தவிர ஒன்றுமில்லை. இரண்டு ஆள் நீளம்கூட இருக்காது. கைப்பிடிச்சுவரில் யாரோ கல்யாணப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். நான் பழக்கதோஷத்தில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு ஓரமாகத் தட்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் கணீரென்றது. எட்டு வருட மழை பார்த்த கான்கிரீட்.

"என்ன, பாஸா?" என்றான் அண்ணன்.

"பாஸுண்ணே."

"பொறவு? நான் கட்டினதுல்லா."

நாங்கள் நிற்கும்போது ஒரு பள்ளிக்கூட வேன் போனது. வாழைத்தார் ஏற்றிய மினிலாரி போனது. பிறகு பால்கேன் கட்டிய மொபெட்டில் ஒரு பெண் வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் நிறுத்தினாள். பெயர் மேரி, அக்கரையில் நான்கு மாடு வைத்திருப்பவள்.

"காண்ட்ராக்டர் அண்ணாச்சி! எங்கன இந்தப் பக்கம்?"

"தங்கச்சி ஜெர்மனியில இருந்து வந்துருக்கா. பாலம் பாக்கணும்னா."

மேரி என்னையும் இனியாவையும் பார்த்துச் சிரித்தாள். "இதப் பாக்கவா அங்கன இருந்து வந்திய?" பிறகு அவளே சொன்னாள். "முன்ன மழை வந்துட்டா நாலஞ்சு நாளைக்குப் பாலு சொசைட்டிக்குப் போவாதும்மா. சுத்திப் போனா பத்து மைலு. போய்ச் சேருதுக்குள்ள திரிஞ்சுரும். பாதி வீட்டுல மாட்டையே வித்துட்டாவ. இப்ப பாருங்க, தண்ணி கீழ ஓடுது, நான் மேல போறேன்." கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி அண்ணனிடம் கேட்டாள். "துட்டு வந்துட்டா அண்ணாச்சி?"

"வரும்க்கா."

"நாங்களும் ரெண்டு தடவ மனு குடுத்தோம். பதிலே இல்ல." ஏதோ தன்மேல்தான் தப்பு என்பது மாதிரி சொல்லிவிட்டு, மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

இனியா அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "மாமா, நேத்து நான் சொன்ன சட்டம் இருந்திருந்தா இந்தப் பாலம் இருந்திருக்காதா?"

"எங்க இருந்திருக்கும்? ஃபண்டு வந்த பொறவுதான்னா, இன்னைக்கு வரைக்கும் வந்திருக்காதுல்லா."

"அப்ப எது நல்லது?"

 அண்ணன் முகத்து மழைத்துளியைத் துடைத்தபடி காரில் சாய்ந்து நின்றான். "எனக்குத் தெரியல தாயி. எனக்கு லாரி வேணும். அந்த அக்காவுக்குப் பாலம் வேணும். ரெண்டுல ஒண்ணத்தான் தருவேன்னு சொன்னா நான் என்னத்தச் சொல்ல?"

 திரும்பி வரும் வழியில் அண்ணன் ஓர் இடத்தில் காரை மெதுவாக ஓட்டி, அங்கே தெரியும் சிமெண்ட் ரோடும் தான் போட்டதுதான் என்று காட்டினான்.

6

அன்று மதியம் தென்காசியில் அண்ணன் வீட்டில் சாப்பாடு. மதினி இனியாவுக்குப் பரிமாறிக்கொண்டே பழைய கதை பேசினாள். மதினி சூதுவாது இல்லாதவள். எதையும் குத்திக்காட்டப் பேசுகிறவள் இல்லை.

"அந்த வருஷம் என்ன பாடு பட்டோம்கே! லாரிக்கு டியூ கட்ட முடியல. ஒங்க அம்மாகிட்டகூடக் கேட்டாவ ஒங்க மாமா. அவளுக்கும் அப்பதான் வீடு வாங்கின சமயம், பாவம், அவளும் என்ன செய்வா? கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?"

இனியா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். அண்ணன் ஒன்றும் காதில் விழாத மாதிரி அப்பளத்தை நொறுக்கினான்.

சாப்பிட்டு முடித்து மாடியில் துணி எடுக்கப் போனேன். பின்னாலேயே வந்தாள்.

"மாமா பணம் கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீங்க கொடுக்கலியா?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் சங்கருக்கு மட்டும் தெரியும். அவர்தான் அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக் கடன் பத்திரத்தில் நாங்கள் கையெழுத்துப் போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. இருபத்தைந்து வருடக் கடன். அண்ணன் போனில் சுற்றி வளைக்காமல்தான் கேட்டான். "ஏட்டி செல்வி, ஆறு மாசத்துக்குக் கொஞ்சம் தோது பண்ணுவியா? பில்லு வந்ததும் தந்துருதேன்." லாரியைக் காப்பாற்ற அது போதும். பேங்க்கில் கேட்டிருந்தால் எங்களுக்குக் கிடைத்திருக்கும். சிரமமாக இருந்திருக்கும், நடுத்தெருவுக்கு வந்திருக்க மாட்டோம். நான் "இப்ப கடன் இருக்குண்ணே, முடியாது" என்றேன். அவன் "சரிட்டி, பரவால்ல" என்றான். அடுத்து, அங்கே குளிர் எப்படி என்று கேட்டான். குளிரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினோம். அதன்பிறகு அவன் எதுவும் கேட்டதில்லை.

இதையெல்லாம் கொடியில் இருந்து துணியை எடுத்துக்கொண்டே இனியாவிடம் சொன்னேன்.

"வீட்டுக்கு இருபத்தஞ்சு வருஷம் கடன் வாங்கலாம். மாமாவுக்கு ஆறு மாசம் வாங்கக் கூடாதா?"

"பயமா இருந்துச்சு."

"எதுக்குப் பயம்?"

"இன்னும் ஒரு கடனான்னு பயம். வேற காரணம் ஒண்ணும் இல்ல. அப்ப உனக்கு எட்டு வயசு. ஒரு ரூம்ல நாம மூணு பேரும் படுத்துக் கெடந்தோம். உனக்குன்னு ஒரு ரூம் வேணும்னுதான் அந்த வீட்டை வாங்கினோம்."

"என்னைக் கேட்டீங்களா?" என்றாள்.

கூட்டத்தில் அவள் சொன்ன அதே வார்த்தை. சொன்னபிறகு அது அவளுக்கும் புரிந்தது என்று நினைக்கிறேன். கைப்பிடிச்சுவரில் சாய்ந்து கோயில் கோபுரத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து திரும்பாமலே ஜெர்மனில் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு அந்த அறை பிடிக்கும்."

பிறகு பாதித் துணியை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

நான் மாடியிலேயே நின்றேன். கடன் என்ற சொல்லைக் கேட்டாலே கையை இழுத்துக்கொள்வதை அதுவரை என் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். அண்ணனுடைய லாரிகள் போனதற்கு ஏதோ ஓர் அலுவலகத்தின் மேசையை இவ்வளவு நாள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

7

திரும்பி வந்தபோது அலுவலகத்தில் எனக்காக ஒரு தாள் காத்திருந்தது. நிதிப்பிரிவு ஒரு யோசனை சொல்லியிருந்தது. பாலத்துக்கு அடியில் இரும்புத் தூண்களை முட்டுக் கொடுப்பது. இரண்டு வருடத்துக்குக் கார்களை விடுவது. அதற்குப் பராமரிப்புக் கணக்கிலேயே பணம் எடுக்கலாம், கடன் வேண்டாம். நான் பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போட்டால் போதும்.

முட்டுக் கொடுத்தால் நிற்காது என்று சொல்ல முடியாது, நிற்கும். ஆனால் அந்தச் செலவு முழுவதும் இரண்டு வருடம் கழித்துப் பழைய இரும்புக்குப் போகும். அப்போதும் புதுப்பாலம் கட்டத்தான் வேண்டும். நான் கையெழுத்துப் போடவில்லை. பதிலுக்கு மூன்று பக்கம் எழுதினேன். ஒவ்வொரு வருடத் தாமதத்துக்கும் என்ன உடையும், எந்த வண்டி எவ்வளவு சுற்றும், முட்டுக்குப் போடும் பணம் எங்கே போகும் என்று எழுதி, இந்தப் பாலம் இருக்கும் நிலைமையையும் கடன் பட்டியலில் சேர்த்துப் பாருங்கள் என்று முடித்தேன். தலைவர் படித்துவிட்டு, "இது என்ஜினியரின் வேலையா?" என்றார். "பாலம் என்னுடையது" என்றேன். இந்தத் தடவை பெண்பாலில் சரியாகச் சொன்னேன். சிரித்துவிட்டு மேலே அனுப்பினார்.

புரட்டாசி முடிவில் பதில் வந்தது. கண்காணிப்பு அலுவலகம் கடனுக்கு அனுமதி தந்தது, ஆனால் பாதிக்கு. அகலம் குறைந்த பாலம்: நடப்பவர்கள், சைக்கிள்கள், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ். மற்ற வண்டிகள் அடுத்த பாலம் வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. பேக்கரி அம்மாவைக் கடையில் பார்த்தேன். "மாவு லாரி சுற்றி வரும், சாப்பிடுகிறவர்கள் நேராக வருவார்கள். போகட்டும்" என்று ஒரு ரொட்டியைக் கூடுதலாகப் போட்டார்.

இனியாவின் விவாதமும் அந்த வாரம்தான். சட்டம் வேண்டும் என்று பேசுகிறேன் என்றவள், அப்படித்தான் ஆரம்பித்தாளாம். பிறகு மூன்று விஷயம் சேர்த்திருக்கிறாள். ஒன்று, அன்றாடச் செலவுக்குக் கடன் கூடாது. பல வருடம் நிற்கும் பொருளுக்கு, அது நிற்கும் காலத்துக்குள் கடனை அடைத்து முடிப்பதாக இருந்தால் வாங்கலாம். இரண்டு, வேலை செய்தவனுக்குத் தராமல் வைத்திருப்பதையும் கடன் என்றே எழுத வேண்டும். மூன்று, பழுது பார்க்காமல் விட்டதையும் எழுத வேண்டும். டீச்சர், "நீ வேண்டும் பக்கமா, வேண்டாம் பக்கமா?" என்று கேட்டிருக்கிறார். "வேண்டும் பக்கம்தான், ஆனால் வேறு சட்டம்" என்றாளாம். சுமாரான மார்க்தான் வந்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

என்னைக் கேட்டால் நானும் ஏறக்குறைய அதையேதான் சொல்வேன். சட்டமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேலையை வாங்கிக்கொண்டு கையை விரிக்கிறவர்களுக்கு ஒரு கடிவாளம் வேண்டும். ஆனால் வரவும் செலவும் சமம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் போதும் என்றும் இப்போது நினைக்கவில்லை. கணக்கில் எதை எழுதாமல் விடலாம் என்று கண்டுபிடிக்க மனிதர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நானே எட்டு வருடம் எழுதாமல் வைத்திருந்தேன்.

8

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் கூப்பிட்டான். நாங்கள் சாப்பிட்டுவிட்டு மேசையிலேயே உட்கார்ந்திருந்தோம். சங்கர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். இனியா காதில் எதையோ மாட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒரு டிராயிங் அனுப்பிருக்கேன். பாத்துச் சொல்லு."

"என்ன டிராயிங்?"

"கால்வாய்க் கரைச்சுவரு. சின்ன வேலைதான். டெண்டர் போடலாம்னு இருக்கேன்."

"மறுபடியுமாண்ணே?"

"பின்ன என்ன செய்ய? சாவிய எடுத்துக் குடுக்கதும், சாவிய வாங்கி மாட்டுததும். இது ஒரு வேலையா?" குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. "இந்தத் தடவ ஃபண்டு வந்த பொறவுதான் ஒர்க் ஆர்டராம். சொல்லுதாவ."

"டெபாசிட் கட்டணும்லா?"

"அத நான் பாத்துக்கிடுவேன்."

"எவ்வளவுண்ணே?"

 அவன் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. "ஒனக்கு வீட்டுக்கடன் கெடக்குல்லா" என்றான்.

"கெடக்கட்டும். எவ்வளவுன்னு சொல்லு."

சங்கர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு சுளையை என் பக்கம் நகர்த்தினார். இனியா ஒரு காதில் இருந்ததை மட்டும் கழற்றி மேசையில் வைத்தாள்.

 "மொதல்ல டிராயிங்கப் பாரு" என்றான் அண்ணன்.

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். கம்பி இடைவெளி சரியாக இருந்தது. அஸ்திவார ஆழமும் சரி. சுவரில்தான் ஒரு குறை இருந்தது. "பின்னால மண்ணுல தேங்குத தண்ணி வெளிய வர ஓட்டையே விடலயேண்ணே. ரெண்டு மழைக்குச் சுவரத் தள்ளிரும்."

"எத்தன விடணும்?"

"ஒண்ணரை மீட்டருக்கு ஒண்ணு. ரெண்டு வரிசை."

அவன் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எழுதி முடித்துவிட்டு, அதே குரலில், பணம் கேட்காத மாதிரியே, தொகையைச் சொன்னான். நான் பென்சிலை எடுப்பதற்குள் இனியா தன் நோட்டின் ஓரத்தில் அதைக் குறித்து என் பக்கம் திருப்பி வைத்தாள்.